தெருவோரத்து அமெரிக்கக் கார்களும் எங்களிடம் இல்லாத ஒரு படமும்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றைத் தெருவோரத்தில் கண்டால் நான் நின்றுவிடுவேன். வேலைக்குப் பிந்தினாலும் ஒரு படமாவது எடுத்துக்கொண்டுதான் போவேன். பன்னிரண்டு வருடங்களாக இது நடக்கிறது. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் வசிக்கிறேன். இங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் எடுத்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன.

கோடைகாலத்தில் கடைத்தொகுதிகளின் தரிப்பிடங்களில் மெழுகு பூசி மினுக்கி வரிசையாக நிறுத்திவைக்கும் கார்களைச் சொல்லவில்லை. அவற்றை எவரும் எடுக்கலாம். உரிமையாளரே பக்கத்தில் கதிரை போட்டிருந்து கதை சொல்லுவார். நான் தேடுவது வீட்டு வாசலில் ரயர் காற்றுப்போய் நிற்பதை, கராஜுக்குப் பின்னால் பற்றைக்குள் நிற்பதை, பனிக்குள் பாதி புதைந்து கிடப்பதை, தார்ப்பாயால் மூடி நாலு மூலையிலும் கல் வைத்திருப்பதை. சொந்தக்காரர்கள் பலருக்கு விசர் வேலையாகத்தான் தெரிகிறது. நானே ஓடுவது ஒரு சாதாரண ஜப்பான் கார்.

இதை எழுதச் சொன்னது இங்கு பிறந்து வளர்ந்த சில பிள்ளைகள். கமரா வாங்கிவிட்டார்கள்; காரைக் கண்டால் எந்த ஆண்டு, என்ன பெயர் என்று தெரியவில்லை, எப்படி எடுப்பது என்றும் தெரியவில்லை என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் நான் ஏன் எடுக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது பாதிக் கதைதான்.

ஆண்டை அறிதல்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் அமெரிக்கக் கம்பனிகள் ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் காரின் முகத்தை மாற்றின. உள்ளே எஞ்சினும் சட்டகமும் அதேதான். முன்கிறிலும் பின்லைட்டும் குரோம் பட்டிகளும் மட்டும் மாறும். போன வருடத்துக் கார் பழசாகிவிட்டது என்று அயலவருக்குத் தெரியவேண்டும், அதுதான் வியாபாரம். அந்த வியாபாரத் தந்திரம் இன்று எங்களுக்கு உதவியாகிவிட்டது. ஒரு மொரிஸ் மைனரைப் பார்த்து ஆண்டு சொல்வது கடினம். 1955, 1956, 1957 ஆகிய மூன்று வருட செவ்ரொலே கார்களை ஒரு கிழமை பழகினால் தூரத்திலேயே பிரித்துச் சொல்லலாம். 1955இன் கிறில் சின்னச் சதுரங்களாக, முகத்தின் நடுவில் மட்டும் இருக்கும். 1956இல் அது முகம் முழுவதும் விரிந்துவிடும். இடது பின்லைட்டை மடித்துத் திறந்தால் அதற்குப் பின்னால்தான் பெற்றோல் ஊற்றும் வாய் இருக்கும். 1957இல் பின்பக்கம் மீன் செட்டைபோல் கூராக எழும்பும்.

அந்தச் செட்டையைத் தொடக்கிவைத்தது 1948ஆம் ஆண்டு கடிலாக். ஜெனரல் மோட்டோர்ஸின் வடிவமைப்புக்குப் பொறுப்பாயிருந்த ஹார்லி ஏர்ல், போர்க்காலத்து பி-38 என்ற இரட்டை வால் போர் விமானத்தைப் பார்த்து அந்த வடிவத்தில் ஈர்க்கப்பட்டார். குண்டு போட வந்த விமானங்களை அண்ணாந்து பார்த்து, வட்டமிடுவது எந்த விமானம் என்று சத்தத்திலேயே சொல்லப் பழகிய எங்களுக்கு இது ஒரு விசித்திரமான செய்தி. இன்னொரு இடத்தில் பிள்ளைகளின் அப்பாமார் அதே விமான வாலைக் காரில் பொருத்தி ஞாயிற்றுக்கிழமை ஓடித் திரிந்திருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு கடிலாக்கில் செட்டை அதன் உச்சத்தைத் தொட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அறுபதுகளின் நடுவில் இல்லாமலே போனது.

பெயர்ப் பலகை கழன்றுபோன காருக்கு வேறு அடையாளங்கள் உண்டு. முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்ட லைட் என்றால் அநேகமாக 1957 அல்லது அதற்கு முந்தியது. நாலு லைட் 1958இல்தான் எல்லாக் கம்பனிகளிலும் பரவியது. பின்னரும் இரண்டு லைட்டோடு வந்த கார்கள் இருக்கின்றன, ஆகவே இதை மட்டும் நம்பவேண்டாம். முன்கண்ணாடி இரண்டு ஓரமும் வளைந்து கதவுப்பக்கம் திரும்பியிருந்தால் ஐம்பதுகளின் பிற்பாதி. மட்காட்டின் பக்கவாட்டில் சின்ன லைட்டோ பிரதிபலிப்பானோ இருந்தால் 1968 அல்லது அதற்குப் பின். அந்த வருடம்தான் அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. பம்பர் உடலை விட்டுத் தள்ளி, பலகை அடித்ததுபோல் நீட்டிக்கொண்டு நின்றால் 1973க்குப் பிந்தியது. மெதுவான மோதலைத் தாங்கவேண்டும் என்ற விதியால் வந்த வடிவம். என் கண்ணுக்கு அந்தப் பம்பர்களோடு அமெரிக்கக் காரின் அழகு முடிந்துவிட்டது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கனடாவில் படமெடுப்பவருக்கு இன்னொரு சிக்கல். இங்கு வாசலில் நிற்கும் கார் அமெரிக்கக் கார்போலவே இருக்கும், பெயர் மட்டும் எந்த அமெரிக்கப் புத்தகத்திலும் இருக்காது. வரிச் சட்டங்களாலும் சிறிய சந்தையாலும் கம்பனிகள் இங்கே தனிப் பெயர்களில் விற்றன. டொட்ஜ் பிக்கப் இங்கே ஃபார்கோ. ஃபோர்ட் பிக்கப் மேர்க்குரி என்ற பெயரிலும் வந்தது. மீட்டியோர் என்று ஒரு கார். பொன்ரியாக் என்று எழுதியிருக்கும், உள்ளே சட்டகமும் எஞ்சினும் செவ்ரொலே. 1965இல் இரண்டு நாடுகளும் வாகன உற்பத்தி உடன்படிக்கை செய்தபின் இந்த வேறுபாடுகள் மெல்ல மறைந்தன. எங்கள் ஆட்கள் பலர் வேலைக்குப் போய்வந்த ஒஷாவா நகரத்தில் மக்லோக்லின் குடும்பம் குதிரை வண்டி செய்து, 1907இல் காருக்கு மாறி, 1918இல் ஜெனரல் மோட்டோர்ஸோடு சேர்ந்தது. அந்த நகரத்தின் பின்தெருக்களில் நடந்தால் இன்றும் வெறுங்கையோடு திரும்பமாட்டீர்கள்.

கமராவோடு வெளிக்கிட முன்

முதலில் பின்னுக்குப் போங்கள். புதிதாக எடுப்பவர் எல்லாரும் காருக்குக் கிட்டப்போய், கைத்தொலைபேசியின் அகலக் கண்ணாடியால் எடுக்கிறார்கள். முன்லைட் பூசணிக்காய் போலவும் பின்பக்கம் எலிவால் போலவும் வரும். பத்து அடி பின்னால் நின்று, கமராவை முன்லைட்டின் உயரத்துக்குக் குனித்துப் பிடித்தால் கார் தன் உண்மையான உடம்போடு நிற்கும். மத்தியான வெயில் வேண்டாம்; குரோம் எல்லாம் வெள்ளையாக வெடித்துவிடும். முகில் மூடிய நாளும், மழை விட்டு அரை மணித்தியாலமும்தான் என் நேரம். குரோம் பம்பர் ஒரு கண்ணாடி என்பதை மறக்கக்கூடாது. என் முதல் இருநூறு படங்களில் பம்பரின் நடுவில் மஞ்சள் மழைச்சட்டையோடு நானே நிற்கிறேன்.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்பதுபோல், இங்கே பனிக்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்பு தின்கிறது. சில்லுக்கு மேல் வளைவு, கதவின் அடிப்பக்கம், படியின் கீழ்ப்பட்டி என்று துரு எப்போதும் அதே வரிசையில் வரும். துருவே இல்லாத 1960ஆம் ஆண்டுக் காரைக் கண்டால் அது அநேகமாகத் தெற்கிலிருந்து, வறண்ட மாநிலமொன்றிலிருந்து வந்தது, அல்லது புதிதாக இரும்பு ஒட்டியது.

பொது நடைபாதையில் நின்று தெரிவதைப் படமெடுப்பதற்கு இங்கு தடையில்லை. ஆனால் பிறர் வளவுக்குள் கால் வைக்கக்கூடாது. இதைச் சொல்வது சுலபம். சோதனைச் சாவடிகளுக்கிடையே வளர்ந்த ஒருவன் தெருவில் கமராவைத் தூக்குவது அவ்வளவு சுலபமில்லை. முதல் வருடம் முழுவதும் பொலிஸ் வாகனம் ஒன்று கடந்தால் என் கை தானாகக் கமராவைச் சட்டைக்குள் தள்ளும். கமராவோடு வீதியில் நின்றதற்கு என்ன விளக்கம் சொல்வது என்று மனம் முதலே பதில் தயாரிக்கும். அந்தப் பழக்கம் விட்டுப்போக மூன்று கோடை எடுத்தது. இப்போது கதவைத் தட்டிக் கேட்கிறேன். பத்தில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டு சம்மதிக்கிறார்கள். அதில் நாலு பேர் பொனற்றையும் திறந்து காட்டுகிறார்கள்.

இலக்கத் தகட்டை வெளியிடுவதில்லை என்பது என் வழக்கம்; என் சேகரிப்பில் மட்டும் முழுதாக வைத்திருக்கிறேன். ஒரு தகட்டில் ஒரேயொரு எழுத்துக்காக 1958இல் எங்கள் நாட்டில் என்ன நடந்தது என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தகடு என்பது வெறும் தகரம் இல்லை.

முன்னோடிகள்

தெருவில் நிற்கும் காரைப் படமெடுப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. வோக்கர் எவன்ஸ் 1931இல் நியூயோர்க் மாநிலத்து சரற்றோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், மழை நனைத்த பிரதான வீதியில் ஒரே மாதிரிக் கறுப்புக் கார்கள் வரிசையாகச் சரிந்து நிற்பதை உயரத்திலிருந்து எடுத்தார். கார்களையே அந்தக் காலத்தின் சாட்சியாக்கிய படம் அது. லாங்டன் கிளே 1974இலிருந்து 1976வரை நியூயோர்க் தெருக்களில் இரவில் முக்காலி வைத்து, ஒரு படத்துக்கு ஒரு கார் என்று பக்கவாட்டில் எடுத்தார். நகரம் வறுமைப்பட்டிருந்த காலம். நசுங்கிய கதவுகள், தெருவிளக்கின் மஞ்சள், ஆளில்லாத நடைபாதை. அவை புத்தகமாக வந்தது 2016இல். நாற்பது வருடம் பெட்டிக்குள் இருந்தும் பழுதாகவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் என்னைப் பிடித்து உலுப்பியது ரொபேர்ட் பிராங்கின் இரண்டு படங்கள். சுவிற்சர்லாந்தில் பிறந்து அமெரிக்கா போனவர். ஐம்பதுகளின் நடுவில் அந்த நாடெங்கும் காரில் சுற்றி எடுத்த படங்களை ‘அமெரிக்கர்கள்’ என்ற புத்தகமாக்கினார். 1958இல் பிரான்சிலும் அடுத்த வருடம் அமெரிக்காவிலும் வெளிவந்தது. அதில் ஒரு பக்கத்தில் கலிபோர்னியாவின் லோங் பீச்சில் இரண்டு பனைவகை மரங்களுக்கிடையே துணியால் மூடிய கார் ஒன்று. பளபளக்கும் துணி, அழகான வெளிச்சம். பக்கத்தைப் புரட்டினால் அரிசோனாவில் நெடுஞ்சாலை ஓரத்தில் போர்வையால் மூடிய உடல், சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். விபத்து. இரண்டும் வேறு வேறு ஊர், வேறு வேறு நாள். அடுத்தடுத்து வைத்ததால் முதல் படத்துத் துணியை இனி ஒருக்காலும் வெறும் துணியாகப் பார்க்க முடியாது. நூலகத்தில் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

அம்மாவின் கேள்வி

நான் முதல் சில வருடம் எடுத்ததெல்லாம் துருவின் அழகைத்தான். உரிந்த நீல வர்ணத்துக்குக் கீழே செம்மண் நிறம், உடைந்த லைட்டுக்குள் சிலந்தி வலை, செட்டையின் ஒரு வளைவு மட்டும். கார் எது, எந்த ஊர், ஆருடையது என்று படத்தில் எதுவும் இருக்காது. நண்பர்கள் நல்லாயிருக்கு என்றார்கள்.

ஒருநாள் ரொறன்ரோவுக்கு வடக்கே, வயல் ஓரத்தில் எடுத்த ஒரு ஃபார்கோ பிக்கப்பின் படங்களைத் தொலைக்காட்சித் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தபடி, சில்லுகள் மண்ணுக்குள், இருக்கைக்குள்ளால் புல் முளைத்து நின்றது. அம்மா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டா:

“தம்பி, இது ஆற்றை வாகனம்? உதில வந்த சனம் எங்கை போட்டுதுகள்?”

அம்மா கனடாவில் எடுத்த படத்தைத்தான் பார்த்தா. ஆனால் பார்த்தது அதை இல்லை. 2009க்குப் பிறகு வெளிவந்த முள்ளிவாய்க்கால் படங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். மணலில் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த மோட்டார் சைக்கிள்கள், உழவு இயந்திரங்கள், லாண்ட்மாஸ்டர்கள், வான்கள். அவற்றை வெளியாட்கள் பலர் வந்து படமெடுத்தார்கள், சிலர் மிக அழகாகவே எடுத்தார்கள். எங்கள் உறவினர் ஒருவர் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, ஒரு மோட்டார் சைக்கிளின் இலக்கத்தைத் தேடினார். வண்டிக்காக இல்லை. அதில் போன மகன் எந்த இடத்தில் அதை விட்டான் என்று தெரிந்தால் போதும் என்றார். படம் எடுத்தவர்களுக்குத் துருவின் நிறம் வந்தது. இலக்கம் விழவில்லை. எந்த இடம், எந்த நாள் என்றும் எழுதப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த வயலுக்குத் திரும்பிப் போனேன். வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பிக்கப் அவருடைய தமையனுடையது. பால் கான் ஏற்றியது. தமையன் இறந்த இலையுதிர்காலத்தில் அதே இடத்தில் நிறுத்தியது, பிறகு எவரும் எடுக்கவில்லை. 1962ஆம் ஆண்டு வண்டி என்றார். விற்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள், மனம் வரவில்லை என்றார். கதவோரம் அவரை நிற்கச் சொல்லி எடுத்தேன். அவர் கை தானாகப் போய்க் கதவு விளிம்பில் இருந்தது. முதல் எடுத்த நாற்பது படத்தையும் விட அந்த ஒன்றுதான் என்னிடம் உள்ள நல்ல படம். இரண்டு வருடம் கழித்துப் போனபோது அந்தக் காணி விலைப்பட்டு, பிக்கப் நின்ற இடத்தில் வீட்டுத்திட்டப் பலகை நட்டிருந்தது.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காருக்கும் நாள், குறுக்கு வீதிகளின் பெயர், ஆண்டு, இலக்கம், சொந்தக்காரர் ஏதும் சொன்னால் அது. ஒரு காருக்கு ஐந்து படமாவது: முழுக் கார் முன்பக்கமிருந்து, முழுக் கார் பின்பக்கமிருந்து, பக்கவாட்டில் வீடும் மரமும் தெரிய, உள்ளே ஸ்ரியரிங்கும் இருக்கையும், கடைசியாக ஆள். அதற்குப் பிறகு நேரமிருந்தால் துருவின் அழகு. கணினியில் ஒரு பிரதி, வேறு வீட்டில் ஒரு பிரதி. வீடு எரிந்தால் படமும் எரியும் என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விசயமில்லை.

ஹவானா

கனடாவிலிருந்து குளிருக்குத் தப்பி ஒரு கிழமை கியூபாவுக்குப் போவது இங்கு சாதாரண விசயம். 2016இல் நானும் போனேன். மற்றவர்கள் கடற்கரையில் படுத்திருக்க, நான் இரண்டு நாள் ஹவானாவில் நடந்தேன்.

நகரின் நடுப் பூங்கா அருகில் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் கூரை திறந்த கார்கள் வரிசையாக நின்றன. அவை உல்லாசப் பயணிகளுக்கானவை. பல கார்களுக்குக் கூரையை வெட்டியே திறந்த கார் ஆக்கியிருக்கிறார்கள். எல்லாரும் எடுக்கும் படம் அது. இரண்டு தெரு உள்ளே போனால்தான் ‘அல்மென்ட்ரோன்’ என்று அவர்கள் சொல்லும் உண்மையான வண்டிகள். பெரிய வாதுமைக்கொட்டை என்று பொருள். குறித்த பாதையில் ஆறேழு பேரை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஓடும் பங்கு வாடகைக் கார்கள். எங்கள் தட்டிவானில் இடித்து நெருக்கிப் போனவர்களுக்கு விளங்கும்.

கியூபாக்காரர் பழைய காரை விரும்பி வைத்திருக்கிறார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். அப்படியில்லை. 1959 புரட்சிக்கு முன் அந்தத் தீவு அமெரிக்கக் கார்களால் நிறைந்திருந்தது. 1960 ஒக்ரோபரில் அமெரிக்கா ஏற்றுமதித் தடை போட்டது; 1962 பெப்ரவரியில் அது முழு வர்த்தகத் தடையானது. காரும் வரவில்லை, ஒரு வாஷரும் வரவில்லை. உள்நாட்டுச் சட்டமோ, புரட்சிக்கு முந்திய கார்களை மட்டுமே தனியாட்கள் சுதந்திரமாக வாங்கி விற்கலாம் என்று வைத்திருந்தது. 2011இல்தான் அது தளர்ந்தது. வெளியிலிருந்து ஒரு தடை, உள்ளேயிருந்து ஒரு தடை. இரண்டுக்கும் நடுவில் ஐம்பது, அறுபது வருடம் ஒரு காரை ஓடவைப்பது தவிர வேறு வழியிருக்கவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபின் எரிபொருளும் நின்றது. சனம் சீனத்துச் சைக்கிளில் ஏறியது.

ஓர் ஒழுங்கையில் 1953ஆம் ஆண்டு செவ்ரொலேக்குக் கீழே படுத்திருந்து ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். முன்முகத்தை எடுக்கக் கமராவைத் தூக்கினேன். அவர் எழும்பி வந்து கையைத் துடைத்துவிட்டுப் பொனற்றைத் திறந்தார். முகத்தை விடு, இதை எடு என்பதுபோல் சைகை. உள்ளே வேறு ஏதோ வானிலிருந்து எடுத்த டீசல் எஞ்சின். அதைத் தாங்கும் இரும்புக் கால்கள் கையால் வெட்டி ஒட்டியவை. ரப்பர் குழாய் ஒன்றுக்குப் பதில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய். ‘புளோக்கேயோ’ என்றார். முற்றுகை. அமெரிக்கத் தடைக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில், எங்கள் ஊரிலும் புளோக்கேயோ இருந்தது, எங்கள் அப்பா காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார் என்றேன். அவர் நம்பவில்லை. கபரேற்றரைத் தொட்டுக் காட்டி, முதலில் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய் என்று விரலால் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, புகை எப்படியிருந்தது என்று கேட்டார். மெக்கானிக் கேட்கும் கேள்வி அதுதான். வெள்ளை, கண் எரியும் என்றேன். சிரித்தார். அன்று பின்னேரம்வரை அங்கேயே இருந்தேன்.

மண்ணெண்ணெயும் ஏ40யும்

அப்பா வைத்திருந்தது அமெரிக்கக் கார் இல்லை, யாழ்ப்பாணத்தில் எல்லாரும் வைத்திருந்த ஒஸ்ரின் ஏ40 சொமர்செற். வாடகைக்கு ஓடினார். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கும் பொருளாயிற்று. அந்தக் காலத்து எஞ்சின்கள் வாயுவை மெல்லத்தான் அமுக்கும். ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. அதனால் தரம் குறைந்த எரிபொருளும் தட்டாமல் எரியும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியபின் குழாயை மாற்றவேண்டும். அப்பா பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டியிருந்தார். அதற்குள் இருந்த பெற்றோல் எங்கள் வீட்டில் பொன். பிளக் அடிக்கடி கரிபிடிக்கும், எஞ்சின் ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கித் தண்ணியாகும். பிள்ளைப்பெறுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நடுச்சாமத்தில் நின்றுவிடக்கூடாதே என்று பின்னேரமே ஒருமுறை பிளக் கழற்றித் துடைத்து வைப்பார். புதிய கார் என்றால் இது எதுவும் நடந்திராது. பழசாயிருந்ததால்தான் ஓடியது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெளிக்கிட்டபோது காரில் ஒரு சொட்டுப் பெற்றோலும் இல்லை. நாலு சில்லையும் கழற்றிக் கிணற்றடிக் கொட்டிலுக்குள் மறைத்து, காரைக் கல்லில் ஏற்றி வைத்துவிட்டு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது சில்லும் இல்லை, காரும் இல்லை. நாலு அடுக்குக் கல் மட்டும் அப்படியே நின்றது.

படமும் இல்லை. அல்பங்களில் பாதியை இராணுவம் வருமுன் நாங்களே எரித்திருந்தோம். அதில் இயக்கத்துக்குப் போன ஒரு மச்சானின் முகம் இருந்தது. எல்லா வீட்டிலும் நடந்ததுதான். மிச்சம் இடப்பெயர்வில் போனது. எஞ்சியது அக்காவின் சாமத்தியச் சடங்குப் படம் ஒன்று, லண்டனிலிருந்த பெரியம்மாவுக்கு அனுப்பியதால் தப்பியது. அக்கா ஆலத்தித் தட்டுக்கு முன்னால் நிற்கிறா. அவவுக்குப் பின்னால், படத்தின் வலது விளிம்பில், ஏ40யின் முன் மட்காட்டும் பம்பரில் பாதியும். இலக்கத் தகட்டில் கடைசி இரண்டு எண்கள் தெரிகின்றன: 4, 7. படமெடுத்தவர் இரண்டு அடி பின்னுக்குப் போயிருந்தால் முழுக் காரும் விழுந்திருக்கும். பக்கத்தில் நின்ற அப்பாவும் விழுந்திருப்பார். இப்போது அவருடைய முழங்கை மட்டும் இருக்கிறது.

போன மாதம் அந்தப் படத்தைப் பெரியம்மாவின் மகள் கணினியில் பிரதி எடுத்து அனுப்பினா. பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. காலையில் மருந்து போட்டதை மத்தியானம் மறந்துவிடுகிறா. பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தகட்டின் மறைந்த எழுத்துகளையும் முதல் இரண்டு எண்களையும் நிறுத்தாமல் சொன்னா. பிறகு, “அப்பாவின்ரை கைதான். அண்டைக்கு நீலச் சேட்டுப் போட்டவர்” என்றா. படம் கறுப்பு வெள்ளை.

கொப்பியை எடுத்து நாள், இடம், முழு இலக்கம், நீலச் சேட்டு என்று எழுதிக்கொண்டேன்.